வாப்பா காலத்து வால்வு ரேடியோ: சுவிட்சைப் போடும் முன் தெரிய வேண்டியவை

நம்மில் பலர் வீட்டில் பரண் மேலோ பீரோ மேலோ ஒரு பழைய வால்வு ரேடியோ இன்னும் இருக்கிறது. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று பெயர் பொறித்த மரப்பெட்டி. தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி வாங்கி வைத்தது. இலங்கை வானொலியில் நாகூர் ஹனீபாவின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதை எடைக்குப் போட மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். வீட்டைப் புதுப்பிக்கும்போதோ சொத்து பிரிக்கும்போதோ பெட்டி கீழே இறங்குகிறது. உடனே பிள்ளைகள் "பாடுதான்னு பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகிவிடுகிறார்கள்.

அதை மட்டும் செய்ய வேண்டாம். முப்பது நாற்பது வருடம் மின்சாரம் காணாத செட்டில் 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால், நல்ல நிலையில் இருந்த பாகங்களும் சில நிமிடத்தில் கருகிவிடும். அதைவிட முக்கியமானது, அது ஆளுக்கே ஆபத்து.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வால்வு ரேடியோ இரண்டு வகை. ஒன்று, உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏ.சி. செட். மற்றொன்று, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட். அந்தக் காலத்தில் சில ஊர்களில் டி.சி. மின்சாரம் இருந்ததால் இரண்டிலும் ஓடும்படி இதைச் செய்தார்கள். இதில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், மின்கம்பியின் ஒரு முனையோடு நேராக இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கை மாற்றிச் சொருகினால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடும். திருகு கழன்று விழுந்திருந்தால், வெளியே தெரியும் இரும்புத் தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

அடையாளம் காண்பது எளிது. பின்பக்க அட்டையில் ஏ.சி./டி.சி. என்று அச்சிட்டிருக்கும். பிலிப்ஸ் வகை வால்வுகளின் எண் யு.சி.ஹெச்.81, யு.எல்.41 என்று 'யு'வில் தொடங்கினால் பெரும்பாலும் அது இந்த வகை. ஈ.சி.ஹெச்.81, ஈ.எல்.84 என்று 'ஈ'யில் தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் செட். ஏ.சி./டி.சி. செட்டின் சேஸிஸுக்கு ஒருபோதும் எர்த் கொடுக்கக் கூடாது. அதைத் திறந்து வேலை பார்ப்பவர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கண்டென்சரில் 200 முதல் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். அதை ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

வீட்டில் நாமே செய்யக்கூடியது

பிளக் சொருகாமல் இருக்கும்போது பின் அட்டையைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தூசியை எடுக்கலாம். ஈரத்துணி வேண்டாம். எலி கடித்த வயர், விரிசல் விட்ட ரப்பர் உறை, மெழுகு வழிந்த கண்டென்சர், கருகிய வாசனை இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்வின் கண்ணாடி உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளி போல ஒரு பூச்சு தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போய்விட்டது என்று பொருள். எந்த வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று போட்டோ எடுத்த பிறகே கழற்ற வேண்டும். ஸ்டேஷன் முள்ளை இழுக்கும் நூல் அறுந்திருந்தால், அது ஓடிய வழியைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

நாம் போக வேண்டியது இவ்வளவு தூரம்தான். இதற்கு மேல் தெரிந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருந்தால் ஏமாற மாட்டோம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

முதலில் கண்டென்சர்கள். பழைய செட்டில் பெரும்பாலான பழுதுக்குக் காரணம் வால்வு அல்ல, பேப்பர் கண்டென்சர். வருடக்கணக்கில் ஈரம் ஏறி அது மின்சாரத்தைக் கசிய விடும். கடைசி வால்வான அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் கண்டென்சர் கசிந்தால், அந்த வால்வு அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்துச் சூடாகி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கெடுக்கும். சில ரூபாய் கண்டென்சருக்காகக் கிடைப்பதற்கு அரிய பாகம் போய்விடும். ஆகவே "செட்டை ஓட்டுவதற்கு முன் அந்தக் கண்டென்சரை மாற்றினீர்களா?" என்று கேளுங்கள். 630 வோல்ட் பாலியெஸ்டர் வகை போதும். மின்கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு எக்ஸ்2 வகைதான் போட வேண்டும்.

அடுத்தது, முதல் தடவை மின்சாரம் கொடுக்கும் முறை. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை செட்டோடு சீரியலாக இணைத்துக் கொடுப்பது வழக்கம். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பிரகாசமாக எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். பின்புறம் வோல்டேஜ் மாற்றும் இடம் இருந்தால் அது 230 அல்லது 240-ல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அறிகுறியும் காரணமும்

எதுவுமே எரியவில்லை: வயர், ஃபியூஸ், சுவிட்ச் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். ஏ.சி./டி.சி. செட்டில் எல்லா வால்வின் ஹீட்டரும் கல்யாண வீட்டு சீரியல் செட் போல ஒரே வரிசை. ஒன்று அறுந்தாலும் அத்தனையும் அணைந்துவிடும்.

'ம்ம்ம்' என்று உறுமல்: ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. முதலில் இருந்த அளவுக்கு ஒத்ததையே போட வேண்டும். மிகப் பெரியதைப் போட்டால் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது.

முதலில் நன்றாகப் பாடி, பிறகு குரல் உடைகிறது: மேலே சொன்ன கசியும் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். செட்டை உடனே அணைத்துவிடுங்கள்.

வால்யூம் திருகும்போது கரகரப்பு: கன்ட்ரோலில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் போதும்.

ஸ்டேஷன் எடுக்கவில்லை: பேண்டு மாற்றும் சுவிட்சில் களிம்பு, அல்லது ஏரியல் இல்லை. அலுமினிய டப்பாக்களுக்குள் இருக்கும் ஐ.எஃப். காயிலின் திருகை யாரும் கண்மூடித்தனமாகத் திருப்பக் கூடாது. அது கலைந்தால் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் சீராக்குவது கடினம்.

செட் சரியாகிவிட்டாலும் எஃப்.எம். நிலையம் வராது. சிற்றலையில் அன்று போல நிலையங்கள் நிறைந்திருக்காது, அது செட்டின் பழுது அல்ல. மத்திய அலை வானொலியை இரவில் கேட்டுப் பாருங்கள். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்குகளை அணைத்தால் இரைச்சல் குறையும்.

சிவப்பு பாதரசம் என்னும் ஏமாற்று

"பழைய ரேடியோவில் சிவப்பு பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும்" என்று ஒரு வதந்தி சுற்றி வருகிறது. முன்பணம் கேட்டும், பங்கு தருவதாகச் சொல்லியும் குடும்பங்களை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு பொருள் வால்வு ரேடியோவில் இல்லை. வால்வுக்குள் தெரியும் அந்த வெள்ளிப் பூச்சு, மிஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்காக வைத்த பேரியம் மட்டுமே. யாராவது வந்து பணமோ, ஆதார் நகலோ, வங்கிக் கணக்கு விவரமோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். மின் வயரை அடியோடு கழற்றிவிட்டு, பெட்டியைத் துடைத்து அலமாரியில் வையுங்கள். வாப்பாவின் நினைவாகவும் இருக்கும், பிள்ளைகளுக்கு ஆபத்தும் இல்லை. ஓடும் நிலையில் உள்ள செட் என்றால் இ.எல்.சி.பி. உள்ள லைனில் மட்டும் போடுங்கள், கேட்டு முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், யாரும் இல்லாத அறையில் ஓடவிட வேண்டாம்.