பழைய புத்தகம் படித்தது குற்றமா?

தேர்வு முடிந்தது, கதவு திறந்தது. கையிலே வினாத்தாள், கண்ணிலே கவலை. ‘நீட்’ தேர்வு எழுதிய பிள்ளைகள் வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஆகவே வாயிலிலேயே தொடங்கிவிடும், விடை ஒப்பிடும் வேலை.

2024 மே 5 அன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. இயற்பியல் பகுதியிலே, அணுவைப் பற்றி ஒரு கேள்வி. இரண்டு கூற்றுகள் தந்தார்கள். அணுவிலே நேர்மின்னும் எதிர்மின்னும் சம அளவில் இருப்பதால் அது மின் நடுநிலை கொண்டது, இது முதற்கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது, தனக்குரிய நிறமாலையை வெளியிடுவது, இது இரண்டாவது. எது சரி, எது தவறு?

“முதலாவது மட்டும் சரி” என்பான் ஒருவன். “இரண்டுமே சரி” என்பான் இன்னொருவன். “புத்தகத்திலேயே இருக்கிறது, பார்!” என்பார்கள் இருவரும். அதுதான் விந்தை, தோழர்களே! இருவர் புத்தகத்திலும் அப்படியேதான் இருந்தது.

மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பாடநூலின் பழைய பதிப்பு, எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்றது. புதிய பதிப்பு, பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் என்று திருத்திக்கொண்டது. திருத்தம் சரிதான். ரேடியம் சிதைகிறது, யுரேனியம் சிதைகிறது. நமது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலே கிடக்கும் தோரியமும் சிதைகிறது. பாதி சிதைய 1,400 கோடி ஆண்டு ஆகும் என்றாலும், சிதைகிறது. ஆகவே விஞ்ஞானத்தோடு நமக்கு வழக்கில்லை. வழக்கு வேறிடத்திலே!

தேசியத் தேர்வு முகமை முதலிலே ஒரு விடைதான் சரி என்றது. பழைய நூலைப் படித்தோர் முறையிட்டனர். இரண்டு விடைக்கும் மதிப்பெண் என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. டில்லி ஐ.ஐ.டி.யின் மூன்று நிபுணர்களைக் கேட்கச் சொல்லி ஜூலை 22 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. மறுநாளே பதில் வந்தது: முதற்கூற்று மட்டுமே சரி.

விளைவு? 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெற்ற 4 மதிப்பெண்ணை இழந்தனர். தவறான விடைக்குத் தண்டமாக இன்னும் ஒன்று கழிந்தது. ஆக ஐந்து! 720-க்கு 720 என்று முதலிலே முடிசூட்டப்பட்டவர் 67 பேர். நேர இழப்புக்காகத் தந்த கருணை மதிப்பெண் ரத்தானதும் 61 ஆயினர். இந்த ஒரு கேள்வி திருத்தப்பட்டதும் 17!

“ஐந்துதானே?” என்பார்கள், அரண்மனைவாசிகள். அரிசிக்கடை வரிசையிலே நின்றவனைக் கேளுங்கள். இரண்டடி பின்னே தள்ளினால் எத்தனை பேர் முன்னே புகுவார்கள் என்பதை அவன் சொல்வான். ஐந்து மதிப்பெண் குறைந்தால் ஆயிரக்கணக்கான இடங்கள் பின்னே போகும் வரிசை இது.

பழைய நூலைப் படித்தோர் எல்லோரும் ஏழைகள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் படித்த புத்தகத்தையே தங்கை படிப்பது எந்த வீட்டிலே? பழைய புத்தகக் கடையிலே பாதி விலை பேசி வாங்குவது யார்? மாளிகையிலா நடக்கிறது அது? தறி ஓடும் வீட்டிலே, மூட்டை சுமப்பவன் வீட்டிலே நடக்கிறது! புதிய பதிப்பைத்தான் படிக்கவேண்டும் என்பது விதியாம். விதி செய்தவர், அண்ணன் புத்தகத்திலே திருத்தச் சீட்டு ஒட்ட வீடு தேடி வந்தாரா?

நூலை வெளியிட்டதும் மத்தியக் கல்வி அமைச்சின் கீழுள்ள நிறுவனம். தேர்வு நடத்தியதும் அதே அமைச்சின் கீழுள்ள நிறுவனம். வலக்கை எழுதிய பிழைக்கு இடக்கை தண்டம் விதித்தது. தண்டம் கட்டியதோ மாணவன்!

நாடு முழுமைக்கும் ஒரே அளவுகோல் என்கிறார்கள். ஜூன் மாதத்திலே ஒரு நீளம், ஜூலை மாதத்திலே ஒரு நீளம் காட்டும் கோலை ஜவுளிக்கடைக்காரர் வைத்திருந்தால் விடுவார்களா? பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குத் தரவரிசையிலே மதிப்பு பூஜ்யம். ஒரு பிற்பகலுக்கே முழு மதிப்பு. அந்தப் பிற்பகலின் நிலையோ இது!

இதனால்தான், கலைஞர் ஆட்சி 2006-இலே நுழைவுத் தேர்வை நீக்கச் சட்டம் செய்தது. 2007-இலே குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2017-இலே ‘நீட்’ வந்து அந்த வழியை அடைத்தது. 2021-இலே சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பினார், 2022 பிப்ரவரியிலே மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலிலே வந்தது, ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பெயர்த்ததன் பலன் இது. பெயர்த்ததை மீண்டும் நட்டாக வேண்டும்!

தோழர்களே! படிப்பகத்திலே, தேநீர்க் கடையிலே, ஆலை வாயிலிலே இந்த ஒரு கேள்வியின் கதையைச் சொல்லுங்கள். மாணவன் விடை தவறினால் ஒரு மதிப்பெண் தண்டம். தேர்வு நடத்துவோர் தவறினால் தண்டம் என்ன? அந்த வினாவுக்கு டில்லி இன்னும் விடை எழுதவில்லை.