கல்யாணப் பத்திரிகையில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து

அலமாரியின் மேல் தட்டைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். இந்த வருடம் வந்த கல்யாணப் பத்திரிகைகள், பிறந்தநாள் பரிசைச் சுற்றி வந்த பளபளப்புக் காகிதம், நோட்டுக்கு அட்டை போட்டது போக மிஞ்சிய பிரவுன் ஷீட், கிழித்து வைத்த மாதக் காலண்டர் தாள் என்று ஏதாவது நிச்சயம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கு இது தாராளம்.

இதில் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் முதல் மரியாதை. கெட்டித் தாள், பொன்னிற பார்டர், சிவப்பு, பச்சை நிறங்கள் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல்தான் பலர் பத்திரிகைகளைச் சேர்த்து வைக்கிறோம். படத்தை மட்டும் தனியே வெட்டிப் பத்திரப்படுத்திவிட்டு, பார்டரையும் அச்சில்லாத பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தடவிய மூலைகளைக் கத்தரித்துவிடலாம்.

ஏ4 அளவிலான கெட்டித் தாள் ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் இரண்டு அட்டைகள் தயார். எடுத்த எடுப்பில் கையால் மடித்துவிடாதீர்கள், கெட்டித் தாள் மடிப்பில் வெடித்துக் கோணலாகும். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு மடித்துப் பாருங்கள், கடையில் வாங்கியதுபோல் படிந்து நிற்கும்.

சின்னக் குழந்தைகளுக்கும் சுலபமானது பட்டை மரம். வெவ்வேறு காகிதங்களிலிருந்து 1 செ.மீ. அகலப் பட்டைகளை 8, 7, 6 என்று 2 செ.மீ. நீளம் வரை வெட்டி, பெரியது கீழேயும் சிறியது மேலேயுமாக ஒட்டினால் கிறிஸ்துமஸ் மரம். அடியில் ஒரு துண்டு பிரவுன் ஷீட். உச்சிக்கு, பொன்னிறத் தாளில் இரண்டு சிறிய முக்கோணங்களை ஒன்றின் மேல் ஒன்றாகத் தலைகீழாக வைத்தால் ஆறு முனை நட்சத்திரம். ஐந்து முனை நட்சத்திரத்தை அளவெடுத்து வெட்டும் சிரமமில்லை.

மைதா பசை மெல்லிய தாளைச் சுருக்கிவிடும். ஃபெவிகாலைக் குச்சியால் லேசாகத் தொட்டு ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். ஜிகினாத் தூள் வேண்டாமே! அதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். உதிர்ந்து வாங்குகிறவர் கையெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843-ல் லண்டனில் அச்சானது. பண்டிகைக் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாத ஹென்றி கோல், ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி அச்சிட்டாராம். விலை ஒரு ஷில்லிங். அந்தக் காலத்துக்கு அது அதிகம்தான். எழுதும் வேலையைக் குறைக்க வந்த அட்டை அது!

நாம் செய்யும் அட்டையின் உள்பக்கமோ வெறுமையாக இருக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் தமிழ்தான் படிக்க வரும். பேரனுக்கோ தமிழ் பேச வரும், எழுதத் தடுமாறுவான். 'மெரி கிறிஸ்துமஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிடத்தான் பார்ப்பான். விடாதீர்கள். "பாட்டி, எனக்கு முன்பல் விழுந்துவிட்டது" என்று அவன் வாயால் சொல்வதையே அவன் கையால் எழுதட்டும். ற, ர மாறினால் திருத்த வேண்டாம். பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வார், பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டுவார்.

கவருக்குக் காலண்டர் தாள் போதும். அச்சுப் பக்கம் உள்ளே போகட்டும். தபாலில் அனுப்புவதென்றால் பட்டன், முத்து போன்றவற்றை ஒட்டாதீர்கள், முத்திரை குத்தும்போது நொறுங்கிவிடும். கவுன்டரில் எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள், பின்கோடை மறக்காதீர்கள். டிசம்பர் 15-க்குள் அனுப்பிவிட்டால் நிம்மதி. அந்த நேரத்தில் அரையாண்டுத் தேர்வும் வந்து நிற்கும். அதனால் மாதத் தொடக்கத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வெட்டி ஒட்டவும், அடுத்ததை எழுதவும் ஒதுக்கிவிடுங்கள்.