கண்ணின் நடுவே ஒரு மஞ்சள் புள்ளி





கண் ஊழியம் என்றதும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது கண்புரை அறுவை சிகிச்சையே. உங்கள் காணிக்கையினால் புரை நீங்கிப் பார்வை பெற்றவர்களுக்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் திருநின்றவூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து வரும் சிலருக்குப் புரை இல்லை. அல்லது புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. அப்படியிருந்தும், "ஆள் வருவது தெரிகிறது, முகம் தெரியவில்லை, வேதத்தைத் திறந்தால் நடுவில் எழுத்து அழிந்துபோகிறது" என்கிறார்கள். இவர்களுடைய குறை கண்ணின் பின்புறத்தில், விழித்திரையின் மத்தியில் இருக்கிறது. அதைக் குறித்தே இம்மடலில் விளக்குகிறோம்.

பழைய கேமராவில் பிலிம் எப்படியோ, அப்படியே கண்ணுக்கு விழித்திரை. அதன் மத்தியில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள மஞ்சள் நிறப் பகுதி உண்டு. இதை மருத்துவர்கள் மாகுலா என்பார்கள். மஞ்சள் புள்ளி என்றும் சொல்வதுண்டு. அதன் நடுவில் 1.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு குழி. நுட்பத்தையும் நிறத்தையும் அறியும் கூம்பு செல்கள் அங்கேதான் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய இணையான இடத்தை மட்டுமே நாம் மிகத் தெளிவாகக் காண்கிறோம். மற்றதெல்லாம் மங்கல்தான். கண் ஓயாமல் அசைவதால் அது நமக்குத் தெரிவதில்லை. சிருஷ்டிகரின் ஞானம் எவ்வளவு பெரியது!

ஆகவே மாகுலா கெட்டவர் வீட்டுக்குள் இடிக்காமல் நடப்பார். ஆனால் ஊசியில் நூல் கோக்கவோ, மாத்திரைப் பட்டையைப் படிக்கவோ, ரயில் எங்கே போகிறது என்று பலகையைப் பார்த்து அறியவோ அவரால் முடியாது. "நன்றாகத்தானே நடக்கிறார்" என்று வீட்டார் அவர் சொல்லை நம்புவதில்லை. நாட்கள் வீணாகின்றன.

காரணங்கள் பல. முதுமையில் மாகுலா தேய்வது ஒன்று. புகைபிடிப்பது இந்த ஆபத்தை அதிகமாக்கும். மற்றொன்று சர்க்கரை நோய். நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து மாகுலா வீங்குகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதும் இந்தப் புள்ளியைச் சுட்டுவிடும். கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர், காக்களூர் தொழிற்பேட்டைகளில் வெல்டிங் வேலை செய்வோரும் பாதுகாப்புக் கண்ணாடியின்றி அந்த ஒளியைப் பார்க்கக் கூடாது.

சிகிச்சை உண்டா? உண்டு. லேசர் சிகிச்சை சர்க்கரை நோயாளிகளின் பார்வை இழப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று 1985-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பின்னர், கசிவை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் முறை வந்தது. குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அங்கீகரிக்கப்பட்ட பெவாசிசுமாப் என்ற மருந்தை 2005 முதல் கண் மருத்துவர்கள் பயன்படுத்தலானார்கள். முதுமை சார்ந்த நோயில் விலை உயர்ந்த மருந்துக்கு ஏறக்குறைய ஈடாக இது பலன் தருவதாக 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏழைகளுக்கு இது பெரும் நன்மை.

ஆனால் புரையைப் போல ஒரே நாளில் முடிகிற காரியமல்ல இது. மாதந்தோறும் சில ஊசிகள், பிறகு தேவைக்கேற்ப மேலும் சில. ஒவ்வொரு முறையும் துணைக்கு வரும் மகனோ மகளோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் சேவை செய்து வருகிறது. மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். ஆயினும் அழைத்துச் செல்ல ஆளின்றி இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அழிந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். உங்கள் சபையில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பரிசோதிக்கும்படி சொல்லுங்கள். முதியவர்கள் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பிகளைப் பார்க்கட்டும். நேரான கம்பி வளைந்து தெரிந்தாலோ நடுவில் மறைந்தாலோ தாமதிக்க வேண்டாம். ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்குத் துணையாக வர உங்களில் யாரேனும் ஒரு நாளைக் கொடுங்கள். முடியாதவர்கள் வழிச்செலவைத் தாங்குங்கள்.

பெத்சாயிதாவில் ஆண்டவர் தொட்ட குருடனுக்கு முதலில் மனிதர்கள் மரங்களாகவே தெரிந்தார்கள். அவர் அவனை அப்படியே அனுப்பிவிடவில்லை, மீண்டும் தொட்டார். எங்கள் நோயாளிகளுக்கும் இரண்டாம் தொடுதல் வேண்டும், மூன்றாவதும் வேண்டும். அதுவரை அவர்களைக் கைவிடாதிருக்க ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் எங்களைத் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
கண் பிரிவு ஊழியர்கள்