சிற்றிடத்து இருப்புப்பாதை

மெய்யான புகைவண்டியையும் அது செல்லும் இருப்புப்பாதையையும் ஓரளவிற் சுருக்கி, பலகைமீது அமைத்து, மின்விசையால் ஓட்டி மகிழும் கலை இங்கிலாந்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இஃது இளஞ்சிறார் விளையாட்டே என நகைப்பாரும் உளர். தாமஸ் என்னும் இஞ்சினின் கதையை 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆட்ரி என்பார் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். அவரே இத்தகைய பாதைகளை அமைத்துக் கண்காட்சிகளில் ஓட்டிக் காட்டினார் என்பதை அறியின், நம் கல்லூரியினரது நகைப்பேனும் சற்று அடங்கும் போலும். இக்கலையை மேற்கொள்வாரைப் பணக்குறையினும் மிகுதியாக வருத்துவது இடக்குறையே. அதனை வெல்லுமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இங்கிலாந்திற் பெருவழக்காயுள்ள அளவு ஓஓ எனப்படும். அதில் யாவும் 76-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அங்ஙனம் சுருக்கியும் ஒரு மைல் தூரம் ஏறத்தாழ 21 மீட்டர் ஆகிறது. பயணிகள் பெட்டி ஒன்று ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் நீளமாதலின், பத்துப் பெட்டிகளும் ஓர் இஞ்சினும் சேர்ந்த தொடர் மூன்று மீட்டரை நெருங்கும். அது நிற்பதற்குரிய மேடை மட்டுமே நம் வீட்டறை ஒன்றின் ஒருபுறச் சுவரைக் கவர்ந்துகொள்ளும். வளைவோ இன்னும் கொடிது. கடைகளிற் கிடைக்கும் வளைதண்டவாளத்தின் ஆரம் 438 மில்லிமீட்டர். இதனை மெய்யளவிற் பெருக்கினால் 33 மீட்டரே வரும். நெடுவழி இஞ்சின் எதுவும் அத்தகைய வளைவிற் புகாது. அவ்வளவு வளைத்த பின்னரும் முழுவட்டம் ஒன்று அமைப்பதற்கு ஒரு மீட்டர் அகலப் பலகை வேண்டியிருக்கிறது.

அளவை இன்னும் சுருக்கலாமே எனின், சுருக்கலாம். என் என்னும் அளவிற் தண்டவாளங்களின் இடைவெளி 9 மில்லிமீட்டர். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியார் 1972-இல் வெளியிட்ட இஸட் அளவில் 6.5 மில்லிமீட்டரே. ஆயினும் உருவம் சிறுக்குந்தோறும் இஞ்சினின் எடையும் குறைந்து, சிறு தூசியும் அதன் ஓட்டத்தைத் தடுக்கும். ஆதலின் சுருக்கம் ஒன்றே மருந்தாகாது.

புதியோர் பலர் சிறு பலகையில் வட்டமொன்றை இட்டு, அதனைக் கடந்து செல்ல மேம்பாலமும் கட்ட விழைவர். ஓஓ அளவிற் கீழ்ப்பாதையின் மீது மேற்பாதை செல்ல ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். முப்பதுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில், அவ்வுயரத்தை எட்ட இரண்டு மீட்டருக்கு மேல் ஓடவேண்டும், இறங்கவும் அவ்வளவே. பாலம் கட்டிய பின் ஊர் அமைக்க இடமேது? தன் வாலைத் தானே துரத்தும் வண்டியை அரைநாழிகைக்கு மேல் நோக்கியிருப்பாரும் அரியர்.

இவ்விடர்க்கு ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் கண்ட வழி மிக நுண்ணியது. இங்கில்நூக் எனப் பெயரிய அவ்வமைப்பிற்கு நான்கடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பலகை போதும். வட்டமும் இல்லை, பாலமும் இல்லை. இரண்டு பாயிண்டுகளால் மூன்று கிளைப்பாதைகள் பிரியும். ஒன்றில் ஐந்து கூட்ஸ் வண்டிகளும், ஏனைய இரண்டில் மும்மூன்று வண்டிகளும் மட்டுமே கொள்ளும். எதிர்முனையில் இஞ்சினும் மூன்று வண்டிகளுமே நிற்கலாம். வெவ்வேறு எட்டு வண்டிகளை நிறுத்தி, அவற்றுள் ஐந்தனைத் திருவுளச்சீட்டால் எடுத்து, சீட்டு வந்த முறையிலேயே நெடும்பாதையிற் கோத்து நிறுத்தல் வேண்டும். இங்ஙனம் அமையக்கூடிய வரிசைகள் 6,720. ஒன்றை வெளியே இழுத்து, வேறொன்றை ஒதுக்கி, ஒதுக்கியதை மீண்டும் பற்றி, எதிர்முனையில் நான்காம் வண்டிக்கு இடமின்மையால் மனம் மாறி, மற்றொரு வழி தேடுவதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். மெய்யான ஸ்டேஷன்களில் ஷண்டிங் செய்வோர் நாடோறும் இயற்றிய தொழிலும் இதனோடு ஒத்ததே. எதிர்முனையை ஓரடி நீட்டினால் ஆட்டமே கெடும். இடக்குறை ஈண்டு பகையாகாது விதியாகிறது. சூத்திரத்தின் இலக்கணங்கூறப் புகுந்த பவணந்தியார் ஆடியுட் பேருருவம் செறிதலை உவமை கூறியது, இப்பலகையை நோக்குந்தோறும் என் நினைவிற்கு வருகிறது.

வண்டி ஏதோவோர் ஊரிலிருந்து வருவதாகத் தோன்றவேண்டின், பலகையின் ஒரு முனையை ஒரு கட்டடத்தாலோ சாலைப்பாலத்தாலோ மறைத்து, அதன் பின்னே பாதையை நீட்டுவர். கூத்தரங்கில் திரைமறைவு செய்யும் பணியை இது செய்யும்.

பலகைக்கு 9 மில்லிமீட்டர் பிளைவுட் தகும்; தொய்யாதபடி அடியிற் சட்டமடித்தல் இன்றியமையாதது. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே சக்கரத்தில் ஏறுதலின், ஷண்டிங்குக்குரிய குறுகிய இஞ்சின் மெல்லச் செல்லும்போது, பாயிண்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டின்மேல் மின்னிழந்து நின்றுவிடுவதுண்டு. அவ்விடத்து உலோகத்தாலாய பாயிண்டை வாங்கி, அதற்கும் மின்தொடர்பு கொடுத்தலே நன்று. ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் ஆட்டத்திற்கு முன் தண்டவாளத்தைத் துடைப்பாராக, சக்கரங்களையும் மறவற்க.