பிடிவாதம் என்று சொல்லாதீர்கள்!

விருந்தினர் வந்தவுடன் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்ளும் மகன். முகம் பாராமல் ஸலாமுக்குப் பதில் கூறும் மருமகன். புதுத்துணி உறுத்துகிறதென்று பெருநாளன்றும் பழைய ஆடையையே நாடும் சகோதரி. இத்தகையோரை, 'மரியாதை தெரியாதவர்', 'பிடிவாதக்காரர்' என்று எளிதில் முத்திரை குத்திவிடுகிறோம். இவர்களுள் சிலருக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மதியிறுக்கம் எனத் தமிழில் வழங்கும் இது, மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடாகும். 1943-இல் லியோ கேனர் என்னும் மருத்துவர் இதைக் குழந்தைகளிடம் கண்டு விவரித்தார். அக்குழந்தைகளும் வளர்ந்து பெரியவர்களாகின்றனர். ஆட்டிசமும் உடன் வருகிறது. ஒலி, ஒளி, வாசனை, தொடுகை ஆகியன இவர்களை அளவுக்கு மீறித் தாக்கலாம். எதிர்பாராத மாற்றம் கலங்கச் செய்யலாம். எனினும் ஒருவரைப் போல் மற்றவர் இருப்பதில்லை.

ஆட்டிசம் உள்ள சகோதர சகோதரிகளே! உங்கள் அன்றாட வாழ்வை எளிதாக்கச் சில வழிகள்:

தொழுகையோடு இணையுங்கள்: ஐவேளைத் தொழுகை நாளைப் பகுத்துத் தருகிறது. அஸருக்குப் பின் கடைவீதி, இஷாவுக்கு முன் மறுநாள் ஆடைகளை எடுத்துவைத்தல் என வேலைகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ரமளானுக்கு முந்துங்கள்: உணவும் உறக்கமும் நேரம் மாறும் மாதம் அது. ஷஅபானிலேயே உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். மருந்து உட்கொள்வோர் நோன்புக்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். 29-ஆம் நோன்பன்று, பிறை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று மறுநாளுக்கு இரண்டு திட்டங்களை எழுதிவைத்தால் தடுமாற்றம் குறையும்.

கூட்டத்தில் ஓரிடம் தேடுங்கள்: ஜும்ஆவுக்கு முன்னதாகச் சென்று, ஒலிபெருக்கிக்குத் தொலைவில், சுவரோரம் அமருங்கள். வலீமாவில் முதல் பந்தியிலேயே உண்டு, வாழ்த்திவிட்டுத் திரும்பலாம். இரைச்சலைக் குறைக்கும் காதடைப்பான் பையில் இருக்கட்டும். சோர்வு முற்றும் முன் தனிமையில் சற்று ஓய்வெடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: 'அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்' என்பதைவிட, 'பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடு' என்பது தெளிவானது. விருந்தினர் வருகையை முன்னரே தெரிவியுங்கள். பெருநாளில் கட்டித் தழுவுவதற்கு முன் சம்மதம் கேளுங்கள். திருமணம் பேசும்போது ஆட்டிசத்தை மறைக்காதீர்கள். மறைப்பதால் துன்புறுவது இரு உள்ளங்கள்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியுள்ளது. அரசின் சான்றிதழ் பெறுவது வெட்கத்துக்குரியதன்று. அஃது உரிமையின் வாயில்.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே 'அபஸ' என்னும் 80-ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. பின்னர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. குறையைச் சுட்டி ஒதுக்காமல், இயன்ற பணியைக் கொடுத்து உயர்த்திய முன்மாதிரி அது. நம் இல்லங்களிலும் மஹல்லாக்களிலும் இவர்களுக்கென ஓர் இடமும் ஒரு பணியும் அமையட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!