துலிப் ஏடுகளின் நீர்வண்ண மலர்கள்

17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நெதர்லாந்தில் துலிப் வணிகம் உச்சத்தில் இருந்தபோது, விற்பனைக்குரிய கிழங்குகள் ஆண்டின் பெரும்பகுதி பூவின்றியே கிடந்தமையால், எந்தக் கிழங்கு எத்தகைய மலரைத் தரும் என்பதை வாங்குவோருக்குக் காட்டும்பொருட்டு, 'துலிப் ஏடுகள்' எனப்படும் படத்தொகுப்புகளை வணிகர்கள் ஓவியர்களைக் கொண்டு வரைவித்தனர். நீர்வண்ணத்தோடு, தாளின் நிறம் தெரியாதவாறு தடிப்பாகப் படியும் குவாஷ் வண்ணமும் இவற்றில் பயன்பட்டது.

இவ்வோவியங்களின் உயிர்நாடி, வெளிறிய இதழின்மீது தூரிகை நுனியால் விளிம்புவரை இழுக்கப்பட்ட, தீக்கொழுந்து போன்ற செங்கோடுகளே. வெண்ணிதழில் அத்தகைய கோடுகள் கொண்ட 'செம்பர் அகஸ்டஸ்' என்னும் துலிப் வகை பெருவிலை பெற்றது. அக்கோடுகளைத் தோற்றுவித்தது அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வைரஸ் நோய் என்பதும், அந்நோயே கிழங்கை நலிவுறச் செய்தது என்பதும் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயின.

1637 பிப்ரவரியில் விலை சரிந்த பின்னரும் இக்கலை ஓயவில்லை. ஹார்லெம் நகரில் வளர்ந்த யூடித் லெய்ஸ்டர் என்னும் பெண் ஓவியர் 1643இல் துலிப் மலர்களை வரைந்தார். யாக்கோப் மாரெல் என்னும் ஓவியர் மலர்களின் அருகே பூச்சிகளையும் நுணுக்கமாகத் தீட்டினார்.

விற்பனைக்கெனப் பிறந்தவை என்பதால் இவ்வேடுகளைத் தாழ்வாக எண்ணுவது தவறு. செம்பர் அகஸ்டஸ் அழிந்துவிட்ட நிலையில், அதன் உருவத்துக்கு அக்கால ஓவியங்களே சான்று.