நகர மறுக்கும் பக்கங்கள்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிக் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டை, அவ்வெழுத்தறிந்தோர் இன்றும் படிக்கின்றனர். நேற்று அமைத்த இணையப் பக்கமோ, சில ஆண்டுகள் பழகிய கைபேசியில் கடைசி வரி வரை நகர மறுப்பதை நாம் காண்கிறோம்.

பல இல்லங்களில் தந்தையின் பழைய கைபேசியே பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தின் அடியிலுள்ள ‘அனுப்புக’ என்னும் பொத்தானை எட்ட இயலாவிடில், எழுதியதெல்லாம் வீணாகிறது.

குறை எங்கே? செய்தியை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்குத் திரையின் உயரத்தையே வகுத்து, வெளிப்பக்கத்தைப் பூட்டிவிடுகின்றனர். உலாவிகளோ முகவரிப் பட்டையின் இடத்தைக் கழிக்காமலே அவ்வுயரத்தைக் கணக்கிடுகின்றன. ஆகவே அடிப்பகுதி மறைகிறது. பூட்டிய பக்கம் விரலுக்கு அசைவதில்லை. பட்டையைக் கழித்து அளக்கும் புதிய அலகு, சஃபாரி, குரோம் உலாவிகளுக்கு 2022-இல்தான் வந்தது. முந்தியவை அதனை அறியா. இதற்கும் முன்னர், 2011-இல் ஐஓஎஸ் 5 வரும்வரை, ஐபோனில் உட்பெட்டியை இரு விரல்களால் தள்ள வேண்டியிருந்தது. அதை எத்தனை பேர் அறிந்திருப்பர்?

மருந்து எளியது. பெட்டிக்கு நிலையான உயரம் வேண்டாம். குறைந்தபட்ச உயரம் போதும். மிகுந்ததை மறைக்கும் கட்டளையை நீக்கி, பக்கம் முழுவதையும் இயல்பாக நகரவிட வேண்டும். பொத்தானைத் திரையின் அடியில் ஒட்டாமல் செய்தியின் முடிவில் வைத்தல் நன்று.

இத்தொழில் பயிலும் நம் இளைஞர்கள், தம் பணியைப் புதிய கருவியில் மட்டும் கண்டு மகிழாமல், வீட்டிலுள்ள பழைய கைபேசியிலும் கடைசி வரி வரை தள்ளிப் பார்ப்பார்களாக.